நீ விழுங்கிய பெயர்

தம்பி,

செவ்வாய்க்கிழமை பின்னேரம் நிலா எனக்குப் போன் எடுத்தாள். நீ வேலையால் வந்திருக்கவில்லை. மருமகள் கீழே சமைத்துக்கொண்டிருந்தாளாம். பிள்ளை போனைத் தூக்கிக்கொண்டு மேலே தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டுக் கதைத்தாள். ஏழு வயதுப் பிள்ளைக்குக் கதவைச் சாத்திக் கதைக்க என்ன இருக்கிறது என்று முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் பாதி பிரெஞ்சிலும் பாதி தமிழிலும் சொன்னதை நான் எங்கள் தமிழில் கோத்து எழுதுகிறேன். "அப்பப்பா, பனி கொட்டின அண்டைக்கு அப்பா காரைப் பின்னுக்கு எடுக்கேக்கை டொங் எண்டு கேட்டது. அப்பா இறங்கிப் பாத்தவர். பேந்து ஏறி வந்து, ஒண்டும் நடக்கேல்லை எண்டு சொன்னவர். இப்ப முன்வீட்டு மதாமின்ரை கார்க்கதவு நெளிஞ்சு போய்க் கிடக்கு. பனி தள்ளுற அண்ணைதான் இடிச்சவர் எண்டு எல்லாரும் சொல்லீனம். எனக்குக் கேட்டதே, அப்பப்பா. என்ரை காதிலை ஏதும் பிழையோ?"

"உன்ரை காது நல்ல காது, குஞ்சு" என்று சொன்னேன். கீழே தாய் கூப்பிடுகிறாள் என்று சொல்லி வைத்துவிட்டாள். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அடுப்பில் தேத்தண்ணிக்கு வைத்த தண்ணீர் கொதித்து வற்றிப் போகும்வரை அது எனக்குத் தெரியவில்லை.

என்னை ஆட்டியது நிலாவின் கேள்வி மட்டும் அல்ல. அதற்கு முதல் ஞாயிற்றுக்கிழமை, உன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், நீயே எனக்கு இந்தக் கதையைச் சொன்னாய். முன்வீட்டுக் கிழவியின் காரைப் பனி தள்ளுகிற பெடியன் டிராக்டரால் இடித்துப்போட்டுச் சொல்லாமல் போய்விட்டானாம், கிழவி அவனுடைய முதலாளிக்குப் போன் எடுத்தாளாம், பெடியனை வேலையால் நிற்பாட்டிவிட்டார்களாம். சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாய். நானும், "ஓம், இப்பத்தையப் பெடியளுக்கு எல்லாத்திலையும் அவசரம்" என்று தலையை ஆட்டினேன். ஒரு முறை அல்ல, நன்றாகவே ஆட்டினேன். எனக்குப் பக்கத்தில் இருந்த நிலா என் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது இப்போதுதான் உறைக்கிறது. உன் பொய்யொன்றுக்கு நான் தலையாட்டியது இது முதல் தடவை இல்லை. அதனால்தான் இரண்டு நாளாக வீட்டுக்குள் இருக்க முடியாமல் பார்க் மெட்ரோ ஸ்டேஷன் வரைக்கும் நடப்பதும் திரும்புவதுமாக இருக்கிறேன். போனில் கதைத்தால் "பேந்து கதைப்பம், அப்பா" என்று சொல்லுவாய். நேரில் வந்தால் மருமகளுக்கு முன்னால் கதைக்க எனக்கு மனம் வராது. ஆகையால் எழுதுகிறேன். எழுதுகிறபோதும் இரண்டு வரிக்கு ஒருக்கால் எழும்பி யன்னலடிக்குப் போகிறேன்.

உனக்கு ஒன்பது வயதில் நடந்த திராட்சைக் கதை எவ்வளவு ஞாபகம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. நீ அதைப்பற்றிப் பிறகு ஒருநாளும் கதைத்ததில்லை. நாங்கள் அப்போது பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தோம். வந்து அதிக காலம் ஆகவில்லை. எங்கள் அகதி வழக்கு முடியாமல் இழுபட்டுக்கொண்டிருந்தது. நான் உடுப்புத் தொழிற்சாலையில் நீராவிப் பெட்டியோடு நின்று அயர்ன் பண்ணினேன். அம்மா கார்டெரி என்கிற பிள்ளைகள் காப்பகம் ஒன்றில் குழந்தைகளுக்குச் சமைக்கிற இடத்தில் உதவிக்கு நின்றாள். எங்கள் வீட்டில் பிரெஞ்சு ஒழுங்காகத் தெரிந்த ஒரே ஆள் நீதான். அம்மாவுக்குக் குழந்தைகளிடம் கேட்டுப் பிடித்த கொஞ்சம் தெரியும். எனக்கு வணக்கத்துக்குப் போன்ஜூர், நன்றிக்கு மெர்சி, ஓம் என்பதற்கு வுய், அதற்குப் பிறகு உடுப்புகளின் பெயர்கள். தபாலில் வருகிற கடிதம், வாசலில் வருகிற ஆள், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், எல்லாவற்றுக்கும் உன்னைத்தான் முன்னால் விட்டோம். நீ பெரிய மனிதன் மாதிரி நடுவில் நின்று இரண்டு பக்கமும் முகத்தைத் திருப்பித் திருப்பிக் கதைப்பாய். எங்களுக்கு அதில் பெருமை. அந்த வயதில் ஒரு பிள்ளையின் கையில் அவ்வளவு அதிகாரத்தைக் கொடுக்கிறோமே என்று நாங்கள் ஒருநாளும் யோசிக்கவில்லை.

கீழ்வீட்டில் இருந்தவர்கள் ஆர்மீனியர்கள். ஹகோப், அவருடைய மனைவி அரக்ஸி, உன்னைவிட ஒரு வயது மூத்த கரோ. பெய்ரூட்டில் சண்டைக்குத் தப்பி வந்தவர்கள். அந்தத் தெருவில் அவர்களுடைய ஆட்கள் வேறு சில குடும்பங்களும் இருந்தார்கள். எல்லாரும் எங்களைப் போலத்தான், கைக்கும் வாய்க்குமாக. ஹகோப் யாரோ ஒருவருடைய கடையின் மூலையில் இருந்து சப்பாத்துத் தைத்தார். அரக்ஸி வீட்டிலேயே தையல் மெசினை வைத்து காற்சட்டைகளுக்குச் சிப் தைத்துக் கொடுத்தாள். அவளுடைய மெசின் ஓடுகிற சத்தம் எங்கள் தரை வரைக்கும் வரும். எங்களுக்கு அந்த வீடு கிடைத்ததே ஹகோப்பால்தான். வீட்டுக்காரன் அகதிகளுக்குக் கொடுக்க யோசித்தபோது, அந்தக் கட்டடத்தைப் பார்த்துக்கொண்ட ஹகோப்தான் முன்பின் தெரியாத எங்களுக்காக அவனிடம் பேசினார். நீயும் கரோவும் பள்ளிக்கூடத்தால் வந்தால் வீட்டுக்குப் பின்னால் இருந்த லேனில் பந்துதான். இருட்டும்வரை உங்கள் இரண்டு பேருடைய சத்தம்தான் கேட்கும்.

அந்த ஆட்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஓகஸ்ட் நடுவில் அவர்களுடைய தேவாலயத்தில் பாதிரியார் திராட்சையை, நாங்கள் முந்திரிகைப்பழம் என்கிறதை, ஆசீர்வதித்துக் கொடுப்பார். அதுவரைக்கும் அந்த வருஷத்துத் திராட்சையை யாரும் வாயில் வைக்கக் கூடாது. கடையில் மலிந்து கிடந்தாலும் கூடாது. சின்னப் பிள்ளைகளும் கூடாது. எங்கள் கோயிலில் ஒவ்வொரு திருவிழாவுக்கும் ஒவ்வொரு வீட்டு உபயம் என்று இருப்பதைப்போல அவர்களுக்குள்ளும் ஒரு முறை இருந்தது. அந்த வருஷம் தெருவாருக்கான பழத்தை வாங்கி வைத்துத் தேவாலயத்துக்குக் கொண்டுபோகிற முறை முதல்தரமாக ஹகோப் வீட்டுக்கு வந்தது. வியாழக்கிழமை அவரும் கரோவும் பழப்பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்ததை நான் பல்கனியில் நின்று பார்த்தேன். கரோ நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தான். ஞாயிற்றுக்கிழமை பாதிரியாருக்குப் பக்கத்தில் தட்டம் ஏந்தப் போகிறவன் அவன். பெட்டிகளைப் பின்பக்கக் கொட்டிலில், குளிர்ச்சியான இடத்தில் வைத்து, அரக்ஸி இஸ்திரி போட்ட வெள்ளைத் துணியால் மூடினாள். கொட்டிலுக்குப் பூட்டு இல்லை. அங்கே எவருடைய கொட்டிலுக்கும் பூட்டு இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததை நீ பின்னர் அழுதுகொண்டு சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். கரோ உன்னிடம் வந்து, ஒரு பழம்கூடத் தொடக் கூடாது, தொட்டால் பெரிய பாவம் என்று மூச்சுப் பிடித்துக்கொண்டு சொன்னானாம். அவன் சொல்லியிருக்காவிட்டால் நீ அதைக் கவனித்திருக்கவே மாட்டாய் என்று அம்மா எப்போதும் சொல்லுவாள். வெள்ளிக்கிழமை காலையில் கரோ தாயோடு கடைக்குப் போன நேரம் நீ கொட்டிலுக்குள் போய் ஒரு பழம் எடுத்தாய். என்ன நடக்கிறது என்று பார்ப்பதற்கு. ஒன்றும் நடக்கவில்லை. வானம் இடிந்து விழவில்லை. பிறகு இன்னொன்று. எங்கள் வீட்டில் திராட்சை வாங்குவதே அருமையிலும் அருமை என்பது எனக்குத் தெரியும், தம்பி, அதை நான் மறைக்கவில்லை. மேலே இருந்த குலைகளைத் தொடாமல் அடியில் கையை விட்டு விட்டு, இரண்டு நாளில் ஒரு பெட்டியின் அடிப்பாதியைத் தின்று முடித்துவிட்டாய். காம்புகளை அப்படியே விட்டுவிட்டுத் துணியைச் சரியாக இழுத்து மூடினாய். அந்த இஸ்திரி மடிப்புகூடக் கலையவில்லை என்று அரக்ஸி பிறகு அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள்.

சனிக்கிழமை மத்தியானம் ஹகோப் பழங்களைத் தட்டங்களில் அடுக்கப் போனபோது கீழே வெறும் காம்பு. பிடிபட்டவன் கரோ. அவன்தான் அந்த வீட்டுப் பிள்ளை, அவன்தான் கொட்டில் வாசலில் நின்றவன். அவன் இல்லை இல்லை என்று கத்தியது மேலே எங்களுக்குக் கேட்டது. என்ன மொழி, என்ன விஷயம் என்று தெரியவில்லை. கீழ்வீட்டில் பிள்ளைக்குத் தகப்பன் ஏசுகிறார் என்று மட்டும் நினைத்தேன். நீ மேசையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாய். கோடைவிடுமுறையில் என்ன வீட்டுப்பாடம் என்று கேட்கிற அறிவு எனக்கு இருக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் அரக்ஸி மேலே வந்து கதவைத் தட்டினாள். கண் சிவந்திருந்தது. வெங்காயமாக இருக்கும் என்று நினைத்தேன். அம்மா அப்போது வேலையில். அரக்ஸி என்னைப் பார்த்துப் பிரெஞ்சில் ஏதோ கேட்டாள். அவள் கேட்டது இதுதான் என்று பிறகு தெரிந்தது: "நீங்கள் அடிக்கடி பல்கனியில் நிற்கிறீர்கள். கரோ திராட்சை எடுத்ததைக் கண்டீர்களா?" நான் உன்னைப் பார்த்தேன். நீ நடுவில் வந்து நின்றாய்.

"என்னவாம், தம்பி?"

"முந்திரிகைப்பழம் கொண்டு வந்ததைக் கண்டனீங்களோ எண்டு கேக்கிறா, அப்பா."

ஒரு பெயரை விழுங்கி, எடுத்ததைக் கொண்டு வந்ததாக மாற்றிவிட்டாய். மிச்சம் எல்லாம் கிட்டத்தட்டச் சரி. கரோ என்ற பெயர் என் காதிலும் விழுந்ததுதான். அவன்தானே பெட்டி தூக்கி வந்தான், அதைத்தான் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அவர்களுடைய கொண்டாட்டத்துக்கு நாங்களும் சந்தோஷப்பட வேண்டும் என்று எனக்கு. பல்லெல்லாம் தெரியச் சிரித்து, தலையை ஆட்டி, "வுய், வுய், மதாம்! வுய்!" என்றேன். போதாதென்று கண்ணைத் தொட்டுக் காட்டினேன், நானே இந்தக் கண்ணால் கண்டேன் என்று. அரக்ஸி என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "மெர்சி" என்று மெல்லச் சொல்லிவிட்டுப் படிக் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து இறங்கிப் போனாள். நான் கதவைச் சாத்திவிட்டு உன் தலையைத் தடவி, "கெட்டிக்காரன்" என்றேன். அந்தக் கையின் சூட்டை நீ எப்படித் தாங்கிக்கொண்டு நின்றாயோ தெரியாது.

அம்மா பின்னேரம் வேலையால் வரும்போது படியடியில் கரோ முழங்காலுக்குள் முகத்தை வைத்துக்கொண்டிருந்தானாம். அரக்ஸி அம்மாவைக் கண்டதும் உள்ளே கூட்டிக்கொண்டு போய், தனக்குத் தெரிந்த பிரெஞ்சும் கையும் முகமுமாக விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள். தகப்பன் அவனைத் தட்டம் ஏந்தக் கூடாது என்று சொல்லிவிட்டார். திராட்சை தின்றதற்காக இல்லையாம், தின்றுவிட்டு இல்லை என்று சத்தியம் பண்ணினதற்காக. பேச்சு முடிவில் அரக்ஸி, "உங்களுடைய கணவர் பார்த்திருக்கிறார், அவர் பொய் சொல்லுகிறவர் இல்லை" என்றாளாம். அம்மா மேலே வந்து கைப்பையைக்கூடக் கழற்றவில்லை.

"இஞ்சருங்கோ, நீங்கள் என்னத்தைக் கண்டனீங்கள்?"

"நான் என்னத்தைக் கண்டன்?"

"கரோ களவாய்த் தின்னுறதை உங்கடை கண்ணாலை கண்டதெண்டு சொன்னனீங்களாம்."

"ஆர்? நானோ?" என்று சொல்லும்போதே எனக்கு விளங்கிவிட்டது. இரண்டு பேரும் உன்னைப் பார்த்தோம். நீ கொப்பியைப் பார்த்தாய். முதலில் உனக்குத் தெரியாது என்றாய். பிறகு அரக்ஸி வேகமாகக் கதைத்தபடியால் விளங்கவில்லை என்றாய். அம்மா உனக்கு முன்னால் முழங்காலில் குந்தி உன் கையைப் பிடித்து முகர்ந்து பார்த்தாள். கையில் மணம் ஒன்றும் இருந்திருக்காது. ஆனால் நீ உடைந்துபோனாய்.

அடிக்கக் கை ஓங்கினேன். அடிக்கவில்லை. பொறுமையால் இல்லை, பயத்தால். எனக்கு அந்த நேரம் மனதில் ஓடியதெல்லாம் ஹகோப்பின் முகமும் வீட்டுக்காரனின் முகமும் எங்கள் வழக்கும்தான். இந்த ஆட்கள் பொய்யர்கள் என்று ஒரு பேச்சு வந்தால் எங்கே போவோம்? அம்மாவும் பயந்தாள். "நாளைக்கு அவையின்ரை விசேஷம். அது முடியட்டும். திங்கக்கிழமை ஆறுதலாய்ப் போய்ச் சொல்லுவம்" என்றாள். எனக்கும் அது சரி என்றே பட்டது. திங்கள் வந்தால் செவ்வாய் என்றிருப்போம். நாங்கள் இரண்டு பேரும் குசினிக்குள் நின்று இதைக் குசுகுசுத்துக்கொண்டிருந்தோம். நீ கேட்டுக்கொண்டிருந்தாய். அன்றைக்கு உனக்குப் பிடித்த இடியப்பம். நீ சாப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கீழே அவர்களுடைய ஆட்கள் கூடத் தொடங்கினார்கள். ஆண்கள் கோட்டுப் போட்டு, பெண்கள் தலையில் லேஸ் துணி போட்டு, கையில் பழத்தட்டங்களோடு வாசற்படியில் நின்றார்கள். ஹகோப் இரவோடிரவாக எங்கோ கடன்பட்டுக் குறைந்த பழத்தை நிரப்பியிருந்தார். நான் பல்கனிக்குப் போகாமல் உள்ளே நின்று பார்த்தேன். நீ அறையை விட்டு வந்தாய். பள்ளிக்கூடப் படம் எடுக்கப் போட்ட வெள்ளைச் சேட்டைப் போட்டு, பொத்தானைக் கழுத்துவரை பூட்டியிருந்தாய். சப்பாத்துப் போட்டாய். என்னிடம் வந்து, "அப்பா, நீங்கள் வாங்கோ. ஒண்டும் கதைக்க வேண்டாம். பக்கத்திலை நிண்டாக் காணும்" என்றாய். அம்மா "இப்ப வேண்டாம், ராசா, எல்லாச் சனமும் நிக்குது" என்றாள். நீ கதவைத் திறந்துகொண்டு இறங்கிப் போனாய். நான் சாரத்தோடு இருந்தேன். காற்சட்டையை மாட்டிக்கொண்டு உன் பின்னால் ஓடி வந்தேன்.

அவ்வளவு பேருக்கும் நடுவில் போய் ஹகோப்புக்கு முன்னால் நின்று நீ பிரெஞ்சில் பேசினாய். எவ்வளவு நேரம் பேசினாய் என்று தெரியாது. எனக்கு அநேகமாக ஒன்றும் விளங்கவில்லை. 'முவா' என்று உன்னைக் காட்டிச் சொன்னது விளங்கியது. 'கரோ' என்றும், இல்லை என்பதற்கு 'நோன்' என்றும் சொன்னாய். பிறகு என் பக்கம் கையை நீட்டி, 'மொன் பேர்', என் அப்பா, என்று சொல்லி, அதற்கும் ஒரு 'நோன்' சொன்னாய். அப்பா பார்க்கவில்லை, அப்பாவுக்கு நான் மாற்றிச் சொன்னேன் என்று சொல்லியிருக்கிறாய். உன் குரல் நடுங்கியது. ஆனால் நிற்கவில்லை. ஒரு தகப்பன் தன் பிள்ளை பேசுகிற பேச்சில் முக்கால்வாசி விளங்காமல் நின்றாலும், அதைவிடத் தெளிவாக ஒன்றையும் தன் வாழ்நாளில் கேட்டிருக்க மாட்டான்.

ஹகோப் உன்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் என்னிடம் ஏதோ கேட்டார். நீ மொழிபெயர்க்க வாயைத் திறந்தாய். அவர் கையைக் காட்டி உன்னை நிறுத்தினார். என் வாயால் கேட்பதுதான் அவருக்கு வேண்டியிருந்தது. நான் தடுமாறி, "கரோ போன். கரோ போன், முசியே" என்றேன். கரோ நல்லவன் என்று. எனக்கு அவ்வளவுதான் வந்தது. அப்போது ஹகோப் உன்னுடைய தோளைப் பிடித்து, தன்னைவிட்டுத் திருப்பி, படியின் ஓரத்தில் பழைய சேட்டோடு நின்ற கரோவின் பக்கமாக உன்னை நிறுத்தினார். இன்னொரு முறை சொல்லு என்று விரலைக் காட்டினார். அதுதான் உனக்குக் கஷ்டமாக இருந்தது. பெரிய ஆட்களுக்கு முன்னால் வந்த சொல் அவனுக்கு முன்னால் வரவில்லை. ஏதோ இரண்டு சொல் சொன்னாய். கரோ ஓடி வந்து உன் மூக்கில் ஒரு குத்துக் குத்தினான். வெள்ளைச் சேட்டில் இரத்தம். யாரோ பெண் கத்தினாள். ஹகோப் கரோவை அடக்கவில்லை, உன்னையும் தேற்றவில்லை. "உடுப்பை மாற்று, நேரம் போகுது" என்பதுபோல் கரோவுக்கு வாசலைக் காட்டினார். அவன் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தான். அவர்கள் எல்லாரும் அவனுக்காகக் காத்திருந்து, பிறகு சேர்ந்து போனார்கள். நானும் நீயும் அந்தப் படியில் இருந்தோம். உன் மூக்கை என் சேட்டால் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். ஆசீர்வதித்த பழத்தை அரக்ஸி அந்தக் கட்டடத்தில் எல்லா வீடுகளுக்கும் கொண்டுபோய்க் கொடுத்தாள். மூன்றாம் மாடிக்கு வரவில்லை. ஹகோப் என்னோடு நெடுநாள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. கரோ பின்லேனில் வேறு பிள்ளைகளோடு பந்தடித்தான். நீ யன்னலால் பார்த்துக்கொண்டிருப்பாய். பொய்யை மறைத்திருந்தால் பிள்ளைக்கு அந்தச் சிநேகிதமாவது மிஞ்சியிருக்குமே என்று நானும் ஒரு நாள் நினைத்தேன். அப்படி நினைத்ததை அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. பனிக்காலம் வந்து, லேன் எல்லாம் மூடிக் கிடந்த ஒரு நாள், கரோ தானாக வந்து கதவைத் தட்டி, ஹொக்கி மட்டை இருக்கிறதா என்று கேட்டான். ஒரு விளக்கமும் இல்லை. நீயும் கேட்கவில்லை. மட்டையை எடுத்துக்கொண்டு ஓடினாய்.

இதை எழுதும்போது அம்மாவின் ஆஸ்பத்திரி ஞாபகம் வருகிறது. அதையும் சொல்லாமல் விட முடியவில்லை. உனக்கு அப்போது பதினான்கோ பதினைந்தோ. அன்றைக்கு அங்கே தமிழ் தெரிந்த ஆள் ஒருவரும் அகப்படவில்லை. மருத்துவர் உன்னிடம்தான் சொன்னார். அவர் சொல்லி முடித்ததும் நீ தரையைப் பார்த்தாய். உன் முகத்தை நான் முன்னரும் ஒருமுறை அப்படிப் பார்த்திருந்தேன், அரக்ஸி வாசலில் நின்ற அன்று. இவன் இப்போது ஏதோ ஒன்றை விழுங்கப் போகிறான் என்று நினைத்தேன். விழுங்கட்டும் என்றும் நினைத்தேன், தம்பி. எனக்கு அதைக் கேட்கத் தைரியம் இல்லை. அம்மாதான், "அவர் சொன்னதை அப்பிடியே சொல்லு, ராசா. எனக்கெண்டு மாத்தாதை" என்றாள். நீ சொன்னாய். "கட்டி கூடாத கட்டியாம், அம்மா. வெட்ட வேணுமாம். கெதியாய் வெட்டினாத் தப்பலாமாம், சுணங்கினாத் தப்பேலாதாம்." ஒரு சொல்லும் விடாமல். அம்மா அன்றைக்கே ஓம் என்றாள். உன் கலியாணத்தையும் பார்த்து, நிலாவையும் மடியில் வைத்திருந்துவிட்டுத்தான் போனாள்.

அப்படிப்பட்டவன் நீ. இந்த வயதில் உனக்கு ஒரு கார்க்கதவைச் சொல்லப் பயம் வந்தது ஏன் என்று நான் யோசித்துப் பார்த்தேன். வீட்டுக் கடன், வேலை, காப்புறுதி, அக்கம்பக்கத்தில் ஒரே கறுத்தக் குடும்பம் என்கிற கூச்சம், எல்லாம் இருக்கும். எனக்குத் தெரியாத பயம் இல்லை அது. திங்கக்கிழமை சொல்லலாம் என்று நானும் குசினிக்குள் நின்றவன்தான். ஆனால் நிலா தன் காதைச் சந்தேகப்படுகிறாள். கேட்டதைக் கேட்கவில்லை என்று நம்பப் பழகுகிறாள். அது எனக்குத் தாங்கவில்லை.

இதுவரைக்கும் எழுதி மடித்து வைத்தேன். நாளைக்குத் தபாலில் போடலாமா, ஞாயிற்றுக்கிழமை கையில் தரலாமா என்று முடிவில்லாமல் இன்று காலையும் தெருவில் நடந்துவிட்டு வந்தேன். சப்பாத்தைக் கழற்ற முதல் போன். நீ.

"அப்பா, நிலாவுக்கு என்ன சொன்னனீங்கள்?"

"காது நல்ல காது எண்டு சொன்னனான்."

அப்போது நீ சொன்னாய், பிள்ளை காலைச் சாப்பாட்டில் உன்னிடம், தன் காதில் பிழை இல்லையாம் என்று அப்பப்பா சொன்னார் என்று சொன்னாளாம். அவ்வளவுதானாம். வேறு ஒன்றும் கேட்கவில்லையாம். நீ வேலைக்குப் போக முதல் முன்வீட்டுக் கிழவியிடம் போய்ச் சொல்லிவிட்டாயாம். "சரியான ஏச்சு, அப்பா. வாசலிலை வைச்சு ஏசினவ. கதவைத் திருத்தித் தாறன் எண்டு சொல்லிப்போட்டு வந்தன்." உன் குரல் களைத்திருந்தது. இவ்வளவு பக்கம் எழுதி நான் கேட்க நினைத்ததை நீ நான் கேட்காமலே செய்துவிட்டாய். இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடத்தான் வேண்டும் என்று அப்போது நினைத்தேன்.

ஆனால் பிறகு நான் கேட்டேன், "அந்தப் பெடியன்?"

"எந்தப் பெடியன்?"

"பனி தள்ளுற பெடியன். வேலை போனவன்."

"மதாம் கொம்பனிக்குச் சொல்லுவா, அப்பா. அவையள் பாப்பினம்" என்றாய். கூட்டம் ஒன்று இருக்கிறது என்று சொல்லிப் போனை வைத்தாய்.

அவையள் பார்க்க மாட்டினம், தம்பி. எனக்குத் தெரியும். ஒரு பெடியன் போனால் அந்த டிராக்டரில் இன்னொரு பெடியனை ஏற்றிவிடுவார்கள். கிழவி தன் கார்க்கதவைப் பற்றி யோசிப்பாள். அவன் இன்றைக்கு எந்த மாடியில், எந்த மொழியில், தன் வீட்டு ஆட்களுக்கு நான் இடிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறானோ. அவர்கள் அவனை நம்புகிறார்களோ இல்லையோ. நீ வேலை முடிந்து அவனுடைய முதலாளியின் இடத்துக்குப் போ. போனில் வேண்டாம், நேரில் போ. போகும்போது நிலாவையும் கூட்டிக்கொண்டு போ. முதலில் அந்தப் பெடியனுக்கு என்ன பெயர் என்று கேள்.

அப்பா